வண்டியை விற்றாயிற்று, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

பழைய காரைக் கன்சல்டிங் கடையில் விடுகிறார்கள். பேசிய தொகை கைக்கு வந்ததும், வாங்குபவர் பெயரோ தேதியோ எழுதாத, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். டெலிவரி நோட் கையில் இருப்பதால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பு. சில மாதம் கழித்து, போகாத ஊரில் சிக்னலைத் தாண்டியதாக அபராதம் வருகிறது. சிலருக்கு விபத்து வழக்கில் சம்மனே வருகிறது. திரும்பத் திரும்ப இதையே பார்க்க வேண்டியிருக்கிறது. வங்கிப் படிவத்தை நாலு தரம் படித்துப் பார்ப்பவர்கள்கூட இந்த விஷயத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வந்த காரை முதல் உரிமையாளர் 2007-இலேயே விற்றுவிட்டார். அது பல கை மாறியது, ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. 2009-இல் விபத்து நடந்து உயிர் போனது. இழப்பீட்டுப் பொறுப்பு முதல் உரிமையாளர் தலையில்தான் விழுந்தது. டெலிவரி நோட்டை நம்பியிருப்பவர்கள் இந்தத் தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும்.

கன்சல்டிங் கடைகளுக்கென்று 2023 ஏப்ரல் 1 முதல் தனி விதிகள் நடைமுறையில் உள்ளன. பழைய வாகனம் வாங்கி விற்பவர் பதிவு அதிகாரியிடம் படிவம் 29பி என்ற அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அது 5 ஆண்டு செல்லும். வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது, படிவம் 29சி-யை இருவரும் சேர்ந்து பரிவாகன் தளத்தில் பதிய வேண்டும். பதிந்ததும் ஒப்புகை எண் வரும். அதன் பிறகு சட்டத்தின் கண்ணில் அந்த டீலரே உரிமையாளர். வண்டியால் வரும் பொறுப்பும் அவருடையதே. ஓட்டிக் காட்டுவது, பழுது பார்ப்பது போன்ற சில தேவைகளுக்குத் தவிர வேறு எதற்கும் அவர் அந்த வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது.

விற்பவரைக் காக்க இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும், அதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் இதை நாலு வரியில் ஒரு பலகையாக எழுதி வைக்க அதிகாரிகளுக்கு என்ன தடை? மக்கள் புரோக்கரிடம் கேட்டுத்தான் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆகவே கடைக்குள் போனதும் 29பி சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால், 29சி ஒப்புகை எண் வந்த பிறகே சாவியைக் கொடுங்கள். சான்று இல்லாத கடை என்றால் அங்கே விற்காதீர்கள். தனி நபருக்கு நேரடியாக விற்பதாக இருந்தால், அவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகு மட்டும் படிவங்களில் கையெழுத்திடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அதைத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். அவர் செய்துகொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். கடனில் வாங்கிய வண்டியென்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். அடமானக் குறிப்பு ஆர்.சி.யிலிருந்து நீங்காமல் பெயர் மாற்றத்துக்குப் போய் நிற்பது வீண் அலைச்சல். ஒரு மாதம் கழித்து எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம், யார் கேட்டாலும் வேண்டாம்.

ஏற்கெனவே அப்படிக் கொடுத்துவிட்டவர்கள் சும்மா இருக்கக் கூடாது. டெலிவரி நோட், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வாங்கியவரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு, வண்டி பதிவான ஆர்.டி.ஓ.வுக்கு ஒப்படைப்புச் சான்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். வாங்கியவர் தலைமறைவு என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். இவை உங்கள் பக்கத்துச் சான்றுகள்தான், பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. பெயர் மாறும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடையில் வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. காப்பீடு பழைய பெயரிலேயே கிடந்தால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. பாலிசியை மாற்ற 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். மீட்டரைத் திருத்தியோ விபத்தை மறைத்தோ கடைக்காரர் விற்றிருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. முதற்கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். வண்டி எண், சேசிஸ் எண், மீட்டர் காட்டிய கிலோமீட்டர் மூன்றையும் அதில் எழுதச் சொல்லி, கடை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.