கொட்டாங்குச்சிப் பால்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது தெருமுனையிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தேன். செம்பட்டை நிறம், கறுத்த மூக்கு. வந்த கையோடு ஒரு கொட்டாங்குச்சி நிறையப் பசும்பால் ஊற்றி வைத்தேன். முன்னங்கால் இரண்டையும் பாலுக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு, மூச்சுவிடாமல் நக்கித் தீர்த்தது. மறுநாள் காலையில் திண்ணை முழுக்கக் கழிச்சல். கழுவி விட்டது நான்தான்.

பால் எப்படிக் கெடுதல் செய்யும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தாய்ப்பால் குடித்து வளர்ந்த குட்டிதானே!

நாய்ப்பால் வேறு, பசும்பால் வேறு. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையோ குறைவு. பசும்பாலில் அது 100 மில்லிக்கு 5 கிராம் அளவுக்கு இருக்கிறது. லாக்டோஸை இரண்டாக வெட்டினால்தான் உடம்பில் சேரும். வெட்டும் கத்தரி, குடலில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி. பிறந்த மூன்று, நான்கு வாரத்தில் குட்டி மெல்லத் தாய்ப்பாலை மறக்கத் தொடங்கும். அதன்பின் அந்த நொதியும் குறைந்துகொண்டே போகும். வெட்டுப்படாத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். திண்ணையில் நான் கழுவியது இதன் விளைவைத்தான்.

அன்று மதியம் பாட்டி குழைந்த சோற்றில் கொஞ்சம் தயிர் விட்டுப் பிசைந்து வைத்தார். உப்பு போடவில்லை. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை முன்பே தின்றுவிட்டிருந்தன. பாட்டி பள்ளிக்கூடமே போனதில்லை!

சரி, ஓநாயின் வம்சத்தில் வந்த நாய்க்குச் சோறு செரிக்குமா? மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான் இருக்கும். பல நாய்களிடமோ 4 முதல் 30 வரை இருப்பதை 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மனிதரோடு ஒட்டி வாழ்ந்து, நம் மிச்சத்தைத் தின்றே நாய் இப்படி மாறியிருக்க வேண்டும்.

ஆனாலும் வெறும் சோறு போதாது. வளரும் குட்டிக்குப் புரதம் வேண்டும்: அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி. அதற்காகக் கறியை மட்டுமே போடுவதும் தவறு. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு; கால் எலும்பு வளைந்துவிடும். எதை எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குட்டிகளுக்கென்றே விற்கும் தீவனத்தை ஊறவைத்துக் கொடுங்கள்.

குட்டியின் இரைப்பை சின்னது. மூன்று மாதம் வரை நாளுக்கு 4 வேளை, ஆறு மாதம் வரை 3 வேளை, பிறகு 2 வேளை. தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். உடம்பு ஒட்டிப்போய் வயிறு மட்டும் பானைபோல உப்பியிருந்தால், நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழ வேண்டாம். குடற்புழுவாக இருக்கலாம், மருந்து வேண்டும்.

கண்கூடத் திறக்காத குட்டி கிடைத்தால் சோறு வேண்டாம். நாய்க்குட்டிகளுக்கான பால்மாவு மருத்துவரிடம் கிடைக்கும். நம் வீட்டுப் பாப்பாவைப் போல மல்லாக்கப் போட்டுப் புகட்டாதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்தே புகட்டுங்கள்.

சாக்லேட், திராட்சை, பிரியாணி எலும்பு மூன்றும் கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். நம் வீடுகளில் யாரும் கவனிக்காத இன்னொன்று வெங்காயம். அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் விடாது. ஆகவே சாம்பார் ஊற்றிப் பிசைவதற்கு முன்பே குட்டியின் பங்குச் சோற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.