ஏற்காட்டுப் பரணில் ஒரு பீட்டில்ஸ் இருக்கலாம்!

ரெக்கார்டு வாங்க வந்தவர் பாட்டையே கேட்கவில்லை! ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களா. பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டிகள் வராந்தா முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. மூலையில் பிளேயர் தயாராக இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த வியாபாரி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒரு எல்.பி.யை உறையிலிருந்து உருவி, விளிம்பை உள்ளங்கையிலும் நடு லேபிளை விரல்நுனியிலும் தாங்கி, வெளிச்சம் விழும் பக்கமாகச் சாய்த்தார்.

“போட்டுக் கேட்டுப் பாக்க வேண்டாமா தம்பி?” என்றார் வீட்டம்மா.

“கேக்கலாங்கம்மா. மொதல்ல கண்ணால கேட்டுக்கறேன்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய இசைத்தட்டு கைமாறும்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

முதலில் கீறல். ஒளியில் மட்டும் மினுங்கும் மயிரிழைக் கீறலை அவர் பொருட்படுத்துவதில்லை. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் என்றால் முகம் மாறிவிடுகிறது. அங்கே முள் ‘டக் டக்’ என்று குதிக்கும். அடுத்து, நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் உண்டா என்று பார்க்கிறார். துளையைத் தேடித் தடுமாறிய கைகள் விட்ட தடம் அது. கோடு கூடக்கூடத் தட்டு அதிகம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை ராத்திரிகள் அந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று லேபிளே காட்டிக்கொடுத்துவிடுகிறது!

கடைசிப் பாட்டு முடிந்ததும் முள் சும்மா சுற்றுமே, அந்த வழுவழுப்பான வளையம்தான் உண்மையான பொக்கிஷ அறை. அங்கே பொடி எழுத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், இந்தத் தட்டு எந்த அச்சில் பிறந்தது என்று சொல்கிறது. உறையில் ஒரே படம், ஒரே பெயர் இருக்கலாம். எண் மாறினால் பதிப்பு மாறும், பதிப்பு மாறினால் விலையும் மாறும். வியாபாரி அந்த எண்ணைக் கைபேசியில் டிஸ்காக்ஸில் தட்டிப் பார்க்கிறார். 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் தளத்தில், உலகம் முழுக்க எந்தப் பதிப்பு முன்பு என்ன விலைக்குப் போனது என்ற கணக்கு கிடைக்கும். விற்பவரும் அதே எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பார்க்க வேண்டும்! பேரம் தொடங்கும் முன்பே பாதி பேரம் அங்கே முடிந்துவிடுகிறது.

பிறகு தரம். அமெரிக்காவின் ‘கோல்ட்மைன்’ இதழ் பரப்பிய பெயர்களைத்தான் இங்கேயும் சொல்கிறார்கள்: மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி. என்று அது இறங்கிக்கொண்டே போகும். நியர் மின்ட்டிலிருந்து ஒரே படி இறங்கினாலும் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். உறைக்கும் தனியாக மதிப்பெண் உண்டு. ஓரம் கிழிந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் தட்டின் வட்டம் அட்டையில் அழுந்தித் தெரிகிறதா, முன்பக்கத்தில் யாராவது பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருக்கிறார்களா, எல்லாமே கணக்கில் சேரும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தரம் எந்தப் பட்டியலிலும் இல்லை: மைக் செட் ரெக்கார்டு! கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று கூம்பு ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பியவை இவை. ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களின் விழாக்களிலும் இவைதான் பாடின. லேபிளில் சவுண்ட் சர்வீஸ் கடையின் முத்திரை இருக்கும். கருப்பாக மின்ன வேண்டிய வரிப்பள்ளம் சாம்பல் பூத்திருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு அதிகம் தரமாட்டார்கள். ஆனால் ‘திருவிளையாடல்’, ‘விதி’ போன்ற கதை வசனத் தட்டுகள் பெரும்பாலும் இந்தக் கடைகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

ஏற்காட்டில் எப்படி இத்தனை தட்டுகள்? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். தோட்டக்காரர்கள் பின்னால் வந்தார்கள், பள்ளிகள் வந்தன. மான்ட்ஃபோர்ட் 1917-லிருந்து இருக்கிறது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கே வீடு கட்டின. மழையும் பனியும் வெளியே விடாத மாலைகளுக்கு கிராமபோன்தான் துணை. அதனால்தான் இங்கே பெட்டியைத் திறந்ததும் ஜிம் ரீவ்ஸ் வருகிறார், லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட் வருகிறார், சென்னையில் பிறந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் வருகிறார்.

தட்டுகளுக்கு மலையடிவாரத்தில் இன்னொரு ஊற்று. சேலம்–ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த வளைவு, டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல். ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) எல்லாம் அங்கே உருவானவை. சேலத்தில் பிறந்த படத்தின் பாட்டு கல்கத்தா பக்கம் கிராமபோன் கம்பெனியின் டம்டம் ஆலைக்குப் போய்த் தட்டாக அழுந்தி, திரும்பத் தெற்கே வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறி இந்தப் பரணில் உட்கார்ந்திருக்கிறது. நினைத்தாலே தலை சுற்றுகிறது!

டம்டம் என்றதும் வியாபாரியின் கண்ணில் ஒரு வெளிச்சம். காரணம் பீட்டில்ஸ். பிரிட்டனில் நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டுகள் 1960 வாக்கில் முடிந்துபோயின. இந்தியாவில் மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்காக கிராமபோன் கம்பெனி 1960-களின் நடுப்பகுதியில்கூட பீட்டில்ஸ் பாட்டுகளை அரக்குத் தட்டில், 78 சுழற்சியில் அழுத்தி விற்றது! இன்று உலகம் முழுக்க பீட்டில்ஸ் பித்தர்கள் அந்த இந்தியத் தட்டுகளைத் தேடி அலைகிறார்கள். மலைத் தோட்ட வீட்டின் பரணில் ஒன்று கிடைக்காது என்று யார் சொல்வது? அந்த பீட்டில்ஸ் தட்டுகளைப் போல லேபிளில் பார்லோபோன் என்று இருக்கும் ஒவ்வொரு 78-ஐயும் நிதானமாகப் பாருங்கள்.

நாம் உயிராக நேசித்த தட்டுக்கு விலை குறைவாக இருப்பதும் உண்டு. எம்.எஸ்.ஸின் சுப்ரபாதம் வீட்டுக்கு வீடு இருந்தது. எல்லாரிடமும் இருப்பதால் சந்தையில் அதற்குத் தட்டுப்பாடே இல்லை. ஜிம் ரீவ்ஸுக்கும் அதே கதை. மாறாக, 1980-களின் பிற்பகுதியில் ‘எக்கோ’ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா எல்.பி.களுக்கு ஏலம் சூடு பறக்கிறது. அப்போது கேசட் வந்துவிட்டது, எல்.பி. வாங்கியவர்கள் குறைவு, அழுத்திய தட்டுகளும் குறைவு. விலையை நிர்ணயிப்பது பாட்டின் அருமை மட்டுமல்ல, மிஞ்சியிருக்கும் தட்டுகளின் எண்ணிக்கையும்தான்.

விற்க வழி பல. மொத்தமாக வியாபாரியிடம் கொடுத்தால் ஒரே நாளில் கை கழுவலாம். ஆனால் அவர் மீண்டும் விற்க வேண்டுமே, விலை இறங்கத்தான் செய்யும். ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எண் போட்டு, சேகரிப்பாளர் குழுக்களில் விற்றால் பணம் கூடும், மாதங்களும் கூடும். கடையில் கொடுத்து வைத்து, விற்ற பிறகு பங்கு வாங்குவது நடுவழி. எனக்குப் பிடித்தது கலவை முறை: அரிய தட்டுகளைப் பொறுக்கித் தனியாக விற்று, மிச்சத்தை மொத்தமாகத் தள்ளிவிடுவது. காயலான் கடைக்கு எடைக்கு மட்டும் போடாதீர்கள், தயவுசெய்து! பெட்டியைத் திறக்காமல் விலை பேசுகிறவரிடமும் கொடுக்காதீர்கள்.

சந்தையும் சூடாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல், 1987-க்குப் பிறகு முதல் முறையாக, சி.டி.யைவிட வினைல் அதிக எண்ணிக்கையில் விற்றது. அந்த அலை இங்கேயும் அடிக்கிறது. வராந்தாவுக்கு வரும் வியாபாரிகளில் இளைஞர்கள்தான் அதிகம்.

ஏற்காட்டுத் தட்டுக்கு ஒரு எதிரி: ஈரம். சுமார் 5,000 அடி உயரத்தின் மூடுபனி உறைக்குள் புகுந்து பூஞ்சையாகப் பூத்துவிடும். வினைலைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்கலாம். அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட்டோ சானிடைசரோ படவே கூடாது. ஆல்கஹாலில் அரக்கு கரையும், பாட்டும் அதோடு போய்விடும். 78-ஐ எல்.பி. முள்ளால் ஓட்டிக் காட்டுவதும் வேண்டாம். அதன் பள்ளம் பல மடங்கு அகலம், தனி முள் வேண்டும்.

கீழே கொண்டுபோகும்போது எதிரி வெயில். சேலத்துக் கோடையில் காருக்குள் விட்ட தட்டு மதியத்துக்குள் வளைந்துவிடும். படுக்கவைத்து அடுக்கினாலும் கெடும். நிமிர்த்தி, நெருக்கமாக, பெட்டி ஆடாதபடி வைக்க வேண்டும். 100 எல்.பி. உறையோடு சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், எனவே சின்னப் பெட்டிகளாகக் கட்டுவது நல்லது. தபாலில் அனுப்புவதென்றால் தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்து, இரு பக்கமும் அட்டை கொடுத்துக் கட்டுவார்கள். இல்லாவிட்டால் வழியில் குலுங்கி, தட்டே உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

வியாபாரி தள்ளி வைத்த குவியலையும் பார்த்தேன்: கீறல் விழுந்த 78 தட்டுகள், மங்கிய லேபிள்கள், பழைய நாடகப் பாடல்கள், அவற்றோடு கசங்கிய பாட்டுப் புத்தகங்கள். இவற்றுக்குச் சந்தையில் விலை இல்லை. ஆனால் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் கிராமபோன் தட்டுகளையும் பாதுகாத்து வரும் இடம். வீட்டம்மாவிடம் அதைச் சொன்னதும், அந்தக் குவியலை எடுத்துத் தனிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். பாட்டுப் புத்தகங்களைத் தட்டுகளுக்கு நடுவே செருக வேண்டாம், அச்சு மை லேபிளில் ஒட்டிக்கொள்ளும் என்றார் வியாபாரி. அவர் வாங்காத பெட்டிதான் அது, ஆனாலும் அவரே உட்கார்ந்து கட்டிக் கொடுத்தார்!