எதன் மேல் தள்ளுபடி?

சென்ற ஆடி மாதத்தில் நானும் என் மனைவியும் பையனை அழைத்துக்கொண்டு ஒரு ஜவுளிக் கடைக்குச் சென்றோம். வாசலில் பிரமாண்டமான பலகை: "50 சதவிகிதம் தள்ளுபடி, அதற்கு மேலும் 20 சதவிகிதம்!" மனைவி எடுத்த புடவையின் சீட்டில் ரூ. 5,000 என்று போட்டிருந்தது. "எழுபது போனால் ஆயிரத்து ஐந்நூறு. கொண்டு வந்த இரண்டாயிரத்தில் மீதியைக் கொண்டு பையனுக்குச் சட்டை வாங்கிவிடலாம்" என்றாள். இருபது வருஷமாகக் கணக்குப் போதித்து வரும் உபாத்தியாயனாகிய நானும் தலையை ஆட்டினேன். புடவைக்கு மட்டுமே ரூ. 2,000 என்று பில் வந்தது. பையன் மார்போடு அணைத்து வைத்திருந்த சட்டையைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கடைக்காரர் பேரில் குற்றமில்லை. முதல் தள்ளுபடி ஐயாயிரத்தின் மேல். இரண்டாவது, எஞ்சிய இரண்டாயிரத்து ஐந்நூறின் மேல். ஆகவே கழிந்தது 70 அல்ல, 60. கழிவதைக் கூட்டாமல் நிற்பதைப் பார்த்திருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திராது. நூறில் பாதி ஐம்பது. அந்த ஐம்பதில் பத்துக்கு எட்டுப் பங்கு நாற்பது. தீர்ந்தது கணக்கு.

1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன்னால் "ரூபாய்க்கு ஓரணா தள்ளுபடி" என்பார்கள். அதாவது 6¼ சதவிகிதம். எதன் மேல் என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது!

விலையேற்றத்திலும் இதே கண்கட்டு வித்தைதான். நூறு ரூபாய்ச் சரக்கை 25 சதவிகிதம் ஏற்றிப் பிறகு 20 சதவிகிதம் தள்ளினால் பழைய நூறே நிற்கும். சோப்பு விஷயம் இன்னும் சூக்ஷ்மமானது. விலையைத் தொடாமல் 100 கிராம் கட்டியை 80 கிராம் ஆக்கிவிட்டால், எடையில் குறைந்தது ஐந்தில் ஒன்று. விலையில் ஏறியதோ நான்கில் ஒன்று. பழைய நூறு கிராமுக்கு இப்பொழுது ஒன்றேகால் கட்டியல்லவா வாங்கவேண்டும்?

ஆவணியில் மைத்துனி பெண்ணின் கல்யாணத்துக்கு நகை வாங்கத் துணைக்குப் போனோம். "25 சதவிகிதம் தள்ளுபடி, அம்மா" என்றார் சிப்பந்தி.

"எதன் மேல்?" என்றாள் என் மனைவி.

"சேதாரத்தின் மேல்."

பொன்னின் விலை ரூ. 50,000, சேதாரம் 12 சதவிகிதம், அதாவது ரூ. 6,000. அதில் கால் பங்கு ரூ. 1,500. மொத்தத்தில் பார்த்தால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. 2017 முதல் நகைக்கு விதிக்கப்படும் 3 சதவிகித ஜி.எஸ்.டி. வரியோ, பொன் விலையின் மேல் மட்டுமே அதே ரூ. 1,500.

"இன்னும் இரண்டு கடை பார்த்துவிட்டு வருகிறோம்" என்று மைத்துனி எழுந்தாள்.