கல் பாடும், யாளி பந்து உருட்டும், நடுரோட்டில் முதலை கிடக்கும்: தெரியுமா?

ஓசூரையும் ஜூஜூவாடியையும் தாண்டினால் கர்நாடகத்தின் முதல் ஊர் அத்திபெலே. வரிசை கட்டிய லாரிகள், ஹாரன் சத்தம், புழுதி. பெங்களூருக்குப் போகும் நம் ஆட்கள் பலருக்கு அது 'எப்படா தாண்டும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கும் ஊர். அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில், தொட்டால் பாடுகிற சிற்பங்களுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது, தெரியுமா?

இடம் ஜே.பி. நகர் ஏழாவது ஃபேஸ். 2019 ஜூலையில் திறக்கப்பட்ட 'இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்' என்கிற இசை அருங்காட்சியகம். அதன் வெளிப்புறத்தில் இருப்பதுதான் 'சவுண்ட் கார்டன்'. தட்டலாம், தேய்க்கலாம், காதை வைத்துக் கேட்கலாம். 'தொடாதே' என்று விரட்ட ஆளில்லாத சிற்பங்கள்! பிள்ளைகள் ஓடிப்போய்த் தட்டுவார்கள். பெரியவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டுவார்கள்.

இதை உருவாக்கித் தந்தவர்கள் யார் தெரியுமா? நம்ம ஆரோவில்லில் இருக்கும் 'ஸ்வரம்'! சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்களுக்கு இசைக்கருவி செய்யக் கற்றுத் தருவதற்காக 2003-இல் தொடங்கிய பட்டறை அது. அங்கே செய்கிற இசைக்கல் ஒன்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கருங்கல்லில் வரிசையாக ஆழமான வெட்டுகள். வெட்டுக்கு வெட்டு நடுவே மெல்லிய பலகையாகக் கல் நிற்கும். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து மேலே மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஈரக்கை கல்லைப் பற்றும், வழுக்கும், மறுபடி பற்றும். ஒவ்வொரு வழுக்கலுக்கும் பலகை அதிரும். முதலில் ஒன்றும் கேட்காது; அவசரக்காரர்கள் அதோடு போய்விடுவார்கள். கை பதம் கண்டுகொண்டதும் எங்கிருந்தோ ஒரு ரீங்காரம் எழும் பாருங்கள், கையெடுத்த பிறகும் சற்று நேரம் நிற்கும்!

தலையை உள்ளே விட்டுப் பாடுகிற கல்லும் உண்டு தெரியுமா? குடைந்த குழிக்குள் தலையை நுழைத்து, வாயை மூடி 'ம்ம்ம்' என்று அடிக்குரலில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஏதோ ஒரு சுருதியில் குழிக்குள் இருக்கும் காற்றும் உங்கள் குரலும் ஒத்துப்போகும். அவ்வளவுதான், மண்டையே கும்மென்று நிறைந்துவிடும். வெளியே நிற்பவருக்கோ உங்கள் முதுகு மட்டும்தான் தெரியும். போட்டோ எடுத்தால் மானம் போகும், சொல்லிவிட்டேன்.

கல்லைப் பாட வைப்பது நமக்கென்ன புதுசா? நெல்லையப்பர் கோயிலில் பெரிய தூணைச் சுற்றி 48 சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில்! சுசீந்திரத்தில் உண்டு, மதுரையில் உண்டு, ஆழ்வார்திருநகரியில் உண்டு. ஹம்பி விட்டலர் கோயிலில் 56 தூண்கள் என்பார்கள். உள்ளே பொள்ளலாக இருப்பதால்தான் ஒலிக்கிறது என்று காலங்காலமாக ஒரு பேச்சு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் மீயொலியை வைத்து ஹம்பித் தூண்களைச் சோதித்தார்கள். உள்ளே முழுக்கக் கெட்டிக்கல்! தூண் வளைந்து அதிர்வதில்தான் சுரம் பிறக்கிறது என்று கண்டார்கள். அணு உலை இரும்பைச் சோதிக்கிற வித்தை கோயில் தூணுக்குப் போனது பாருங்கள்!

கல்லைப் பாட வைத்த கைகள் அதை உருளவும் வைத்தன. கோயில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தைச் சின்ன வயதில் விரலால் தள்ளிப் பார்க்காதவர் யார்? பந்து உருளும், ஆனால் பல் இடுக்கு வழியே வெளியே வராது. வெளியே செதுக்கி உள்ளே வைத்ததல்ல. வாய்க்குள் உளியை விட்டு, அதே கல்லிலிருந்து அங்கேயே கழற்றிவிட்ட உருண்டை. ஒரு தட்டு தப்பினால் மொத்த யாளியும் வீண். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் தொங்கும் சங்கிலியும் இதே துணிச்சல்தான். ஆனால் இப்போது தொட விடுகிறார்களா? 12-ஆம் நூற்றாண்டு தாராசுரம் கோயிலில், தட்டினால் சுரம் சொல்லும் பலிபீடப் படிகளைக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். ஹம்பியிலும் தூணைத் தட்டக்கூடாது. கல் தேய்கிறதே, குற்றம் சொல்ல முடியாதுதான். இருந்தாலும், தட்டுவதற்கென்றே செதுக்கியதைத் தட்டாமல் பார்த்துவிட்டு வருவது வயிற்றெரிச்சல்!

வெளிநாட்டுக்கும் ஒரு எட்டு: சிகாகோவில் ஊரே முகம் பார்க்கிற 'கிளவுட் கேட்' சிற்பம், 168 எஃகுத் தகடுகள், எடை 110 டன். செய்த அனிஷ் கபூர் மும்பையில் பிறந்தவர். குரோஷியாவின் ஜாடர் ஊரிலோ 2005 முதல் கடல் அலையே ஆர்கன் வாசிக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் 35 குழாய்கள்!

பெங்களூருக்கே திரும்புவோம். அனுமதியும் கேட்காமல் ரிப்பனும் வெட்டாமல் நடுரோட்டில் சிற்பம் வைத்தவர் ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி. 2015-இல் சுல்தான்பாளையாவில் சாலை நடுவே தண்ணீர் தேங்கிய பெரும்பள்ளம். அதற்குப் பச்சை வண்ணம் பூசிக் குளமாக்கி, ஒரு முதலையையும் கொண்டுவந்து கிடத்தினார்! வண்டிகள் நின்றன, கூட்டம் கூடியது, படம் ஊரெல்லாம் பரவியது. பிறகு மாநகராட்சி வந்து பள்ளத்தை மூடியது. விட்டாரா மனுஷன்? 2019-இல் ஹேரோஹள்ளிப் பக்கம் குண்டும் குழியுமான ஒரு ரோடு. விண்வெளி உடை போட்ட நடிகர் ஒருவரை நிலாவில் நடப்பதுபோல் அதன்மேல் நடக்கவிட்டு வீடியோ எடுத்தார். நிலாதான் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு ஆட்டோ சாவகாசமாகக் கடந்து போகும்! அந்த ரோட்டுக்கும் உடனே ஆள் வந்தார்கள்.