மாநக்கவாரம்: கடல் காத்த காடு

பெங்களூருவில் வாழும் மாணவர் பலர் பந்திப்பூர், நாகரஹொளே காடுகளுக்குச் சென்று யானையையும் புலியையும் காண விழைவர். இந்திய நாட்டின் தென்கோடியில் மற்றொரு காடு உள்ளது. அங்கு யானையும் இல்லை, புலியும் இல்லை. ஆயினும், இந்தியப் பெருநிலத்தில் எங்கும் காண இயலாத உயிர்கள் அங்கு வாழ்கின்றன. அக்காடு கிரேட் நிக்கோபார் என்னும் தீவில் உள்ளது.

தமிழர் அறிந்த தீவுகள்

முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரம் வரை சென்றது. அவன் வென்ற இடங்களை அடுக்கிக் கூறும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் மாநக்கவாரம் என்னும் பெயர் காணப்படுகிறது. அது நிக்கோபார் தீவுகளைக் குறிக்கும் என்பர் அறிஞர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின்னர்த் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் சிலர், இத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

செல்லும் வழி

பெங்களூருவிலிருந்து வானூர்தியில் புறப்படுவோர் சில மணி நேரத்தில் ஸ்ரீ விஜயபுரத்தை அடையலாம். 2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய நகரம் இதுவே. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 540 கிலோமீட்டர் கப்பலில் செல்லவேண்டும். அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்துப் பாகைக் கால்வாயைக் கடந்து, கப்பல் கேம்பல் விரிகுடாவைச் சேரும். கடல் கொந்தளிக்கும் நாள்களில் பயணம் தள்ளிப்போவதும் உண்டு.

காடும் ஆறும்

இத்தீவின் பெரும்பகுதி மழைக்காடாகும். வானளாவிய மரங்கள் பலகைபோல் அகன்ற வேர்களை ஊன்றி நிற்கின்றன. அவற்றின் அடியில் தாழையும் பிரம்பும் மரம்போல் வளரும் பெரணிகளும் செறிந்துள்ளன. இங்குள்ள துல்லியர் மலையின் உயரம் 642 மீட்டர். கலாத்தியா ஆறு காட்டினூடே தெற்கு நோக்கிப் பாய்ந்து கடலில் கலக்கிறது. 1846இல் இங்கு வந்த டென்மார்க் நாட்டுக் கப்பலின் பெயரே ஆற்றுக்கு அமைந்தது. ஆற்றின் கழிமுகத்தில் உவர்நீர் முதலைகள் வாழ்வதால், நீரில் இறங்குதல் பேரிடர் தரும்.

இங்குள்ள உயிர்கள் வேறுபட்டிருப்பதற்குத் தீவின் அமைவிடமே காரணம். சென்னை இத்தீவிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இந்தோனேசியாவின் சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஆதலால் இங்குள்ள விலங்குகளும் பறவைகளும் பெரும்பாலும் தென்கிழக்காசிய உயிர்களுக்கு உறவானவை. கடல் சூழ்ந்திருந்தமையால் அவற்றுள் பல தனித்து வளர்ந்து, தமக்கெனத் தனி இயல்புகளைப் பெற்றன.

நிக்கோபார் மெகபோட் என்னும் பறவை அத்தகையது. அது முட்டைமேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. மண்ணையும் இலைச்சருகையும் கால்களால் வாரிக் குவித்து மேடாக்கி, அதனுள் முட்டையிடும். சருகு மக்கும்போது எழும் வெப்பத்தால் முட்டை பொரியும். வெளிவரும் குஞ்சு தாயின் துணையின்றித் தானே இரைதேடும். அப்பறவை நிக்கோபார் தீவுகளையன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

ஆமைகளுள் மிகப் பெரியதாகிய ஏழுவரி ஆமை கலாத்தியா விரிகுடாவின் மணற்கரையில் இரவில் ஏறி முட்டையிடுகிறது. 2004 திசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தால் தீவின் தென்முனையாகிய இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. ஆழிப்பேரலை கரையோரக் கூடுகளையும் மணற்கரைகளையும் அழித்தது. பின்னர் மணல் மீண்டும் சேர்ந்தபோது ஆமைகளும் திரும்பி வந்தன.

காட்டின் மக்கள்

இக்காட்டில் ஷோம்பென் என்னும் பழங்குடியினர் வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் வாழ்கின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் 229 பேர். வெளியார்க்கு எளிய சளியாக வரும் நோயும் தனித்து வாழும் மக்களின் உயிரைப் பறிக்கக்கூடும். எனவே பழங்குடியினர் காப்புப் பகுதிக்குள் அரசின் இசைவின்றி நுழைதல் சட்டப்படி குற்றமாகும்.

இன்றைய வினா

கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகமும், தீவில் வானூர்தி நிலையமும் நகரமும் மின்நிலையமும் அமைக்கும் திட்டத்திற்கு 2022இல் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது. இதற்கென ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம் ஒதுக்கப்பட்டுள்ளது. பன்னாட்டுக் கப்பல் வழியின் அருகே துறைமுகம் அமைவது வணிகத்திற்கும் நாட்டின் பாதுகாப்பிற்கும் துணைசெய்யும் என்கிறது அரசு. ஆமைகளின் கரையும் மெகபோட்டின் மேடுகளும் ஷோம்பென் மக்களின் வாழிடமும் குன்றும் என்று அறிவியலாளர் பலர் அஞ்சுகின்றனர். வெட்டிய காட்டிற்கு ஈடாக வேறு மாநிலத்தில் மரம் நடலாம். ஆனால் அங்கு மெகபோட் வந்து வாழாது. இத்தீவுக்குச் செல்வோரும், இதைப்பற்றி முடிவெடுப்போரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. கிரேட் நிக்கோபாரின் உயிர்கள் பந்திப்பூரின் உயிர்களினின்று வேறுபடுவது ஏன்?
2. துறைமுகம் வேண்டும், வேண்டா என இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக. எதிரணியின் கருத்துகளுள் ஏற்கத்தக்க ஒன்றை எழுதுக.