மாமல்லபுரத்தில் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

மாமல்லபுரம் போகிறவர்கள் எதை முதலில் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்றெல்லாம் திட்டம் போடுகிறார்கள். அங்கே எந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு ஆகியவை மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. நூறு அடி தள்ளி நிற்கும் தலசயனப் பெருமாள் கோயில் அறநிலையத் துறையைச் சேர்ந்தது. கலங்கரை விளக்கத்துக்கு மத்திய அரசின் இன்னொரு துறை. தெருவும் வண்டி நிறுத்துமிடமும் உள்ளாட்சிக்கு. ஒரு துறையின் வாசலில் நடந்த தவறுக்கு அடுத்த துறையின் ஆளிடம் சத்தம் போட்டால், “அது எங்க பொறுப்பு இல்லீங்க” என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். வந்தவருக்குப் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

நுழைவுச் சீட்டிலிருந்து தொடங்கலாம். 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தச் சின்னங்களுக்கு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். பதினைந்து வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. இந்தக் கணக்கில் நம் வீட்டு விருந்தாளிகள் பலர் அநாவசியமாக ஏமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இலங்கைக் கடவுச்சீட்டோடு வருகிறவருக்கும் 40 ரூபாய்தான். சார்க் நாடுகள் அனைத்துக்கும் அதே கட்டணம். கனடாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை பெற்று, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கும் இந்தியருக்குரிய கட்டணமே. 2021 மார்ச்சில் மத்திய உள்துறை வெளியிட்ட அறிவிக்கை அதைச் சொல்கிறது. அட்டையை விடுதி அறையில் வைத்துவிட்டுக் கடவுச்சீட்டை மட்டும் நீட்டினால் 600 கேட்பார்கள். அப்போது கவுன்ட்டரில் இருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அட்டையைக் காட்டியும் மறுத்தால், சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, சென்னைக் கோட்டையில் இருக்கும் தொல்லியல் துறை வட்ட அலுவலகத்துக்கு எழுதலாம்.

உள்ளே நுழைந்த பிறகு சட்டம் நம் பக்கமும் திரும்புகிறது. பாறையில் பெயரைக் கீறுவது, சிற்பத்தின் மேல் ஏறி அதைச் சேதப்படுத்துவது எல்லாம் 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி குற்றம். 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு முக்காலியோடு போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்; கைபேசியில் எடுக்கத் தடை இல்லை. ஜப்பானின் கியோட்டோ நம் ஊருக்குப் பத்தாண்டு கழித்து, 1994இல், அதே பட்டியலில் சேர்ந்தது. அங்கே கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையக் கூடாது என்று 2024இல் தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகையும் வைத்தார்கள். மாமல்லபுரமும் மக்கள் குடியிருக்கும் ஊர்தான். இங்கே அப்படிப் பலகை வராததற்கு ஊர்க்காரர்களின் பொறுமைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்டி நிறுத்தக் கட்டணத்தில் வரும் தகராறுக்கு ஒரே மருந்து ரசீது. உள்ளாட்சியின் பெயர், வரிசை எண், தொகை மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால் பணம் இல்லை என்று அமைதியாகச் சொல்லலாம். கூடுதலாக வாங்கியிருந்தால் அந்த ரசீதைப் படமெடுத்து உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அசையவில்லையென்றால் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது. வழிகாட்டியை அமர்த்தும்போதும் இதே முறைதான்: படம் ஒட்டிய அடையாள அட்டையைக் கேளுங்கள், எத்தனை இடம், எவ்வளவு நேரம், எவ்வளவு தொகை என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

சிற்பம் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உளிச்சத்தம் இன்னும் ஓயாத ஊர் இது. இங்கே செதுக்கும் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் அடுக்கியிருப்பதெல்லாம் உளியில் பிறந்தவை அல்ல. அச்சில் வார்த்த பொம்மைகளும் கூடவே விற்கின்றன. கருங்கல்லா, மாக்கல்லா, வார்ப்பா என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவருக்கு அந்தப் பில் இன்னும் அவசியம். நூறாண்டைக் கடந்த சிலையைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். போன மாதம் செதுக்கிய பிள்ளையாரையும் விமான நிலையத்தில் சந்தேகப்பட்டு நிறுத்திவைக்க முடியும். பெரிய சிலையாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்பே வாங்கிவிடுவது நல்லது. கிளம்புவதற்கு முதல் நாள் இதற்கு ஓடக் கூடாது.

தங்குமிடத்தில் ஏமாற்று பெரும்பாலும் நாம் ஊர் போய்ச் சேருமுன்பே நடந்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளின் பெயரிலும் படங்களிலும் போலி இணையப் பக்கம் போட்டு, முன்பணத்தைத் தனிநபர் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்வது இப்போது பழகிவிட்ட மோசடி. விடுதியின் தொலைபேசி எண்ணை வேறு வழியில் தேடி, ஒருமுறை பேசிவிட்டுப் பணம் போடுங்கள். போட்டு ஏமாந்துவிட்டால் உடனே 1930ஐ அழையுங்கள். பணம் கை மாறிக்கொண்டே போவதற்குள் சொன்னால் வங்கிக் கணக்கை முடக்க வழி இருக்கிறது. மறுநாள் சொன்னால் கஷ்டம். விடுதியில் அடையாளம் கேட்டால் ஓட்டுநர் உரிமம் போதும். ஆதார்தான் வேண்டும் என்றால், முதல் எட்டு எண்கள் மறைத்த பிரதியைக் கொடுக்கலாம். மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கினால் போலீஸ் பிடிக்குமா என்ற பயம் பலருக்கு உண்டு. வயது வந்தோர் அப்படித் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று 2019இல் கோயம்புத்தூர் விடுதி வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அறை தர முடியாது என்று விடுதியே விதி வைத்திருந்தால் அது வேறு சங்கதி, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிச் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்ணீர் பாட்டிலில்தான் நம்மவர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பெட்டிக் கடைக்காரர் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு. உணவகத்தில் உட்கார்ந்து வாங்கும் பாட்டிலுக்கு அந்த விதி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லிவிட்டது. அங்கே சண்டை போடாமல் சாதாரணக் குடிநீர் கேட்டு வாங்குவது மேல்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் புயலையும் கணக்கில் வைக்க வேண்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். புயல் வந்தால் பணம் திரும்ப வருமா, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி.

புயல் இல்லாத நாளிலும் இந்தக் கடலை நம்ப முடியாது. கடற்கரைக் கோயிலை அலையிலிருந்து காக்கக் கருங்கல் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள். அதன் இரு பக்கமும் மணல் திட்டென்று நம்பி இறங்குகிறார்கள். அலை உடையும் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லாமல் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால், அதுதான் ஆபத்தான இடம். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் காப்பாற்றக் குதிப்பதால்தான் ஒரு சாவு மூன்றாகிறது. கயிறோ காலிக் குடமோ வீசிவிட்டு, மீனவர்களைக் கூப்பிடுங்கள், 112ஐ அழையுங்கள்.

“ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம் சார்” என்று மீன்பிடிப் படகில் ஏற்றுகிறவர்களும் உண்டு. அந்தப் படகுக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் கிடையாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன குடும்பத்தினரின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்; மிதவைச் சட்டை யாருக்கும் இல்லை. படகுச் சவாரி வேண்டுமென்றால் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. அங்கேயும் மிதவைச் சட்டையைக் கொக்கி மாட்டி இறுக்கிய பிறகே உட்காருங்கள்.

சாலை விபத்துக்கு இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. விபத்து தமிழ்நாட்டில் நடந்தால் போதும். அடிபட்டவர் வெளிமாநிலத்தவரோ வெளிநாட்டவரோ, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

ஊர் திரும்பிய பிறகும் வழி அடைபடுவதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். பாதி விவகாரம் அந்த அழைப்போடு விடுதிக்காரர் இறங்கிவருவதில் முடிந்துவிடும். முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். மதுரைக்காரர் இதற்காகச் செங்கல்பட்டுக்கு வந்து அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் செய்த பெரிய மாற்றம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை அந்த ரசீதுகளை அழிக்காமல் வைத்திருங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் சில மாதங்களில் வெளுத்துப் போகும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.