ஒரே மீனுக்கு எத்தனை பெயர்? 'மிஸ் கேரளா' பேரினம் மாறியது ஏன்?

வண்ண மீன் கடையில் 'மிஸ் கேரளா' என்று கேட்டால், கறுப்புக் கோட்டுக்கு மேல் சிவப்புக் கோடு ஓடும் ஒரு கெண்டையைக் காட்டுவார்கள். இதன் அறிவியல் பெயர் 1865-ல் 'லேபியோ டெனிசோனி'. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் டெனிசனின் நினைவாக பிரான்சிஸ் டே வைத்த பெயர். பிறகு அது 'பன்டியஸ் டெனிசோனி' ஆனது. 2013 முதல் 'சஹ்யாத்ரியா டெனிசோனி'. மீன் அதேதான். அப்புறம் ஏன் இந்தப் பெயர் மாற்றம்?

எல்லாம் ஒரே கூடையில்

நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புதான் பேரினம். 'பன்டியஸ்' பேரினத்தை 1822-ல் உருவாக்கியவர் பிரான்சிஸ் ஹாமில்டன். காலப்போக்கில் தெற்காசியாவின் சின்னக் கெண்டைகளில் பெரும்பாலானவை அதற்குள் வந்து சேர்ந்தன. சந்தையில் சிறிய மீனையெல்லாம் 'பொடிமீன்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுமாதிரிதான்.

2012-ல் இலங்கையின் ரோஹன் பெத்தியகொட குழு இந்தக் கூடையைப் பிரித்தது. முதுகுத் துடுப்பின் முள் வழவழப்பானதா, ரம்பம் போன்றதா? வாயோரம் எத்தனை மீசை? இவற்றுடன் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். 'பெத்தியா', 'டாகின்சியா' போன்ற புதிய பேரினங்கள் பிறந்தன. முன்னது சின்னக் கெண்டைகளுக்கான சிங்களச் சொல். பின்னது உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸின் பெயர். தாமிரபரணி ஆற்றின் பெயரைத் தாங்கிய கெண்டையும் இப்போது டாகின்சியாவில்தான் இருக்கிறது.

பெயரில் என்ன இருக்கு?

நிறைய இருக்கு. சஹ்யாத்ரியாவில் இருப்பவை இரண்டே இனங்கள்: டெனிசோனி, சாலக்குடியென்சிஸ். இரண்டாவதன் முதுகுத் துடுப்பில் கறுப்புத் திட்டு இருக்கும். அதைத் தனி இனமாக விவரித்ததே 1999-ல்தான். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கு மட்டுமே உரியவை. இரண்டுமே அழியும் ஆபத்தில் இருப்பதாக ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றவை.

'பன்டியஸ்' கூட்டத்தில் இருந்தவரை இவை பலவற்றில் இரண்டு. இப்போதோ, ஒன்று அழிந்தால் பேரினத்தில் பாதி காலி. ஆற்றில் பிடித்து ஏற்றுமதியானபோது இரண்டும் ஒரே பெயரில்தான் போயின. எது எவ்வளவு குறைகிறது என்று கணக்கெடுக்க, முதலில் எது எதுவென்று தெரிய வேண்டும். வகைப்பாட்டின் வேலை அதுதான்.